சுவர்க் கடிகாரத்தைத் திருத்திய சங்குக்காரர்

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், ஒரு எழுத்து கூட்டமாட்டேன். சரி, அங்கங்கே கொஞ்சம் ஊதியிருப்பேன். சங்கைப் பற்றிய கதையை ஊதாமல் எப்படிச் சொல்வது?

எங்கள் பிஸ்கட் தொழிற்சாலையில் சங்கு ஊதுகிறவர் இருபத்திரண்டு வருடமாகக் கைக்கடிகாரம் கட்டியதில்லை. காலை ஆறு மணி அவர் உடம்புக்கே தெரியும். சங்கு அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் உண்டு. அதற்கும் அவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் கடிகாரத்தைத்தான் திருத்துவார். நாங்களும் அதுதான் நியாயம் என்று இருந்தோம்.

புதிய மேனேஜர் வந்ததும் தானாக ஊதும் மெஷின் வாங்கப் பார்த்தார். திங்கள்கிழமை காலை சங்குக்காரர் ஊதுவதை நேரில் பார்த்துவிட்டு முடிவு என்றார். அதைக் கேட்டதிலிருந்து சங்குக்காரருக்கு நெஞ்சு அடித்த அடியில் சட்டைப் பொத்தான் தெறித்து எதிர்வீட்டு ஜன்னல் உடைந்தது. டாக்டர் பதற்றத்துக்கு மாத்திரை கொடுத்து, படுக்கும்போது போடச் சொன்னார். இவருக்குப் பதற்றம் வருவதோ மத்தியானம். சாப்பிட்ட கையோடு போட்டுக்கொண்டார். நான்கு நாளில் சாயங்காலமே கண் சொக்கியது.

திங்கள்கிழமை முழிப்பு வந்து சங்கு அறைக்குப் போனால், கடிகாரம் நாலு காட்டுகிறது. பாவம், இதற்கும் வயதாகிவிட்டது என்று முள்ளை ஆறுக்குத் திருப்பிவிட்டு ஊதினார் பாருங்கள், ஊரே பல் தேய்க்காமல் ஓடி வந்தது. நான் மனைவி செருப்பில் வந்தேன். மேனேஜர் ஒரு கன்னத்தில் ஷேவிங் நுரையோடு நின்றார். சூரியன் மட்டும் வேலைக்கு வரவில்லை.

மேனேஜர் அவரை டாக்டரிடம் இழுத்துப் போனார்.

"மூளைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குய்யா," என்றாராம் டாக்டர். "காபான்னு ஒரு ரசாயனம், நரம்பைப் பார்த்து 'அடங்கு'ன்னு சொல்றது அதோட வேலை. இந்த மாத்திரை அந்தக் குரலைக் கூட்டிவிடும். நேரம் மாத்திப் போட்டா, கடிகாரமே முன்னாடி நகர்ந்துடலாம்."

"அப்ப நான் தப்பா ஊதலை சார். உள்ள இருக்கிற முள்ளுதான் முன்னாடி நகர்ந்துடுச்சு," என்றார் சங்குக்காரர்.

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெஷின் இப்போதைக்கு வேண்டாம் என்றார். ஆனால் சுவர்க் கடிகாரத்துக்குக் கண்ணாடிப் பெட்டி போட்டுப் பூட்டி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தார். இன்னொரு முறை முள்ளில் கை வைத்தால் மெஷின்தான் என்று எச்சரித்தார்.

இதை நான் சாப்பாட்டு அறையில் சொல்லி முடிக்க, அந்த வாட்ச்மேனே எழுந்தார். சங்குக்காரர் மனைவியின் தம்பி அவர்.

"ரெண்டு மணி நேரமா? ஒரு மணி நேரந்தான்யா. எங்க மாமாவைக் கேவலப்படுத்தாதே."

அப்போது சங்கு ஊதியது. சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறதே என்று பிஸ்கட் சுடும் அடுப்புக்காரர் போனை எடுத்துக் காட்டினார்.

"உன் போன் ஸ்லோ," என்று வாட்ச்மேன் அதைப் பிடுங்கி நேரத்தைத் திருத்த ஆரம்பித்தார்.

"சாவி உன்கிட்டதானே இருக்கு? மாமாவுக்குத் திறந்து விட்டியா?" என்று அடுப்புக்காரர் அவர் சட்டையைப் பிடித்தார்.