முடிச்சில்லாத நரம்பு

குட்டைக் கால்கள் கொண்ட வெல்வெட் புழுவின் நரம்புகளைக் கல்லூரியில்தான் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தேன். பூரானுக்கு ஒவ்வொரு கால் ஜோடிக்கும் ஒரு நரம்பு முடிச்சு உண்டு. இதற்கு அப்படி இல்லை; இரண்டு நரம்பு வடங்கள் உடல் நெடுக விலகி ஓடின. பூரானும் நண்டும் பூச்சிகளும் உருவான வழியிலிருந்து வெகுகாலம் முன்பே பிரிந்துபோன சொந்தம் அது. இதை அண்ணனிடம் சொல்ல முடியாதே என்று எனக்குக் கண் கலங்கியது.

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் விறகு பொறுக்கும்போது, அண்ணன் ஒரு மட்கிய கட்டையைப் புரட்டினான். அடியில் மெத்தென்று ஒன்று குட்டைக் கால்களால் நகர்ந்தது.

"பூரான்ணே, தொடாதே!" என்றேன்.

"பூரானுக்கு ஓடு இருக்கும் லா. இது புழு. ஆனா புழுவுக்கு ஏது காலு?" என்று சிரித்தான். "நாளைக்குப் புடிச்சி நல்லாப் பார்ப்போம்."

மறுநாள் காலை, வேலைக்குக் கூடி நின்ற வாலிபர்களை லாரியில் ஏற்றி சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். அவனும் போனான்.

அவனோடு போய், சண்டை முடிந்து திரும்பி வந்த பக்கத்து வீட்டுக்காரர், அண்ணன் காலராவில் இறந்ததைச் சொன்னார்.

"கடைசியா ஏதாச்சும் சாப்பிட்டானாய்யா?" என்று கேட்டாள் அம்மா.