மூன்று ஊதலும் ஒத்துப்போக வேண்டும்

முதலில் போனது என் சிரிப்பு. சிரிக்கத் தொடங்கினால் பாதியில் இருமல் வந்துவிடும். ஃபேக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கும் அறையில் வேலை செய்தவள் நான். மலைக்குளிர்தான் என்று நினைத்துக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தேன். மேட்டு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஏற முடியாமல் போன பிறகே ரிங்லெட் டவுனில் டாக்டரைப் பார்த்தேன்.

ஆஸ்துமா (மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குவது) என்றார். "தூசி பக்கமே போவாதீங்க." வேலையை விட்டேன்.

அதன் பிறகு பகல் நீண்டுவிட்டது. கணவர் இறந்துவிட்டார், மகள் சிங்கப்பூரில். காலையில் லயமே வேலைக்குப் போய்விடும். நானும் இன்ஹேலரும் (மருந்தை உள்ளிழுக்கும் குப்பி) மிச்சம். தனிமை தாங்காமல் ரேடியோவோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் தூசியையும் நுரையீரலையும் ஆராய ஒரு பெண் டாக்டர் வந்தார். ஃபேக்டரியில் இருந்தவர்களை மூச்சை அளக்கும் கருவியில் ஊதச் சொன்னாராம். எல்லாருக்கும் நல்ல மூச்சு. இருக்காதா பின்னே? மூச்சு போனவர்கள்தான் வீட்டில் கிடக்கிறோமே!

அது அவருக்கும் தெரிந்திருந்தது. வேலையை விட்டவர்களின் பெயர்களையும் சேர்த்துச் சீட்டுக் குலுக்கியிருக்கிறார். ஒருநாள் என் கதவைத் தட்டினார்.

"குலுக்கல்ல உங்க பேரு வந்திருக்கு ஆன்ட்டி. இதனால உங்களுக்கு மருந்தோ காசோ கிடைக்காது. உங்க பேரு வெளிய வராது, தோட்டத்துத் துரைக்கும் தெரியாது. வேணாம்னா வேணாம்னு சொல்லிடலாம்."

வேணாம் என்று சொல்லலாம் என்று இந்தத் தோட்டத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதற்காகவே சரி என்றேன்.

மூன்று ஊதல்கள் ஏறக்குறைய ஒத்துப்போனால்தான் அளவை நம்ப முடியுமாம். முதல் ஊதலை இருமல் கெடுத்தது. அடுத்தது பாதியில் நின்றது. அன்று வேலைக்குப் போகாத பக்கத்து வீட்டுச் சரோஜாவுக்குப் பொறுக்கவில்லை.

"நவுருக்கா, நான் ஊதித் தர்றேன் லா. எல்லாம் ஒரே லயந்தானே!"

டாக்டர் சிரித்துவிட்டார். "எனக்கு இவங்க மூச்சுதான் வேணும்க்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சும்மா ஒரு நம்பர் போட்டுக்கங்கம்மா. இல்லாட்டி நான் கணக்குலயே வர மாட்டேன்."

"நானா போட்டா அது பொய்க் கணக்கு ஆன்ட்டி. மெதுவா ஊதலாம், நான் இருக்கேன். முடியலன்னா இன்னொரு நாள் வர்றேன்."

இருந்தார். நானும் அவரும் தேநீர் குடித்தோம். மழை பிடித்துக்கொண்டது. சரோஜா துணி எடுக்க ஓடினாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னை அவசரப்படுத்தவும் இல்லை. மழை விட்டதும் ஊதினேன். இளைப்பாறி இன்னொன்று. பிறகு மூன்றாவது. மூன்றும் ஒத்துப்போயின.

"கம்மிதான் ஆன்ட்டி. ஆனா இது உண்மையான அளவு. உங்க டாக்டர்கிட்டயும் காட்டுங்க."

அவர் போன பிறகு இரண்டு குவளைகளையும் உடனே கழுவ மனம் வரவில்லை.

நோய் போகவில்லை. அந்த அளவைப் பார்த்து ரிங்லெட் டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்தார், பாதி மேடு வரை ஏறுகிறேன். முன்பு நடுவழியில் நிற்க வெட்கப்படுவேன். இப்போது கல்லில் உட்கார்ந்து, அடுத்த மூச்சு தானாக வரும்வரை காத்திருக்கிறேன். வீட்டில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. அதனால் எனக்காகக் காத்திருக்கும் வேலையை நானே செய்கிறேன்.