ஒரு ஜாண் ஏறின கோடு

அந்தப் படகுத்துறையில் அவருக்குப் பெயர் 'போதும்'. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவார். கரைக்கும் படகுக்கும் நடுவே போட்ட பலகையருகே நின்று ஆட்களை ஏற்றுவதும், நிறைந்ததும் "போதும்!" என்று கத்திக் குறுக்கே கயிறு கட்டுவதும் அவர் வேலை. எவ்வளவு பெரிய ஆள் வந்து கெஞ்சினாலும் கயிறு அவிழாது. மனுஷன் எவ்வளவு நேர்மை பாருங்கள் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். நேர்மையாவது கத்திரிக்காயாவது! அவருக்கு நீச்சல் தெரியாது, அவரும் அதே படகில்தான் போக வேண்டும், அவ்வளவுதான் சங்கதி.

படகின் வெளிப்பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. தண்ணீர் அதைத் தொட்டுவிட்டால் பாரம் நிறைந்தது என்று அர்த்தம். கூட்டம் அதிகமான ஒரு வருஷம் முதலாளி வந்து, "கோட்டை ஒரு ஜாண் மேல ஏத்தி அடிச்சிடுப்பா" என்றார். இவரும் பழையதைச் சுரண்டிவிட்டுப் புதுசாக அடித்தார். நேராக வந்திருக்கிறதே என்று தள்ளி நின்று ரசித்தது வேறு! கோட்டை ஏற்றினால் படகும் கூடவே ஏறுமா என்ற சந்தேகம் பிரஷ்ஷைக் கழுவும்போதுதான் அந்த மண்டையில் உதித்தது. அன்றிலிருந்து தான் அடித்த கோட்டுக்கு ஒரு ஜாண் கீழே தண்ணீர் வந்ததுமே கயிற்றைக் கட்டிவிடுவார். "என் வேலையை நம்பாத முதல் ஆள் நான்தான்" என்று டீக்கடையில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

இரண்டு இடம் தட்டிப்போன பிறகு அவர் மகளுக்கு மூன்றாவதாக ஒரு வரன் வந்தது. பையனும் அவன் அப்பாவும் அக்கரையிலிருந்து வந்து பேசினார்கள். மகளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. அன்று காபியில் சர்க்கரை இரண்டு தடவை விழுந்ததிலேயே தெரிந்தது. பையனின் அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. "வீட்ல கலந்துட்டுச் சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்.

வழியனுப்ப மகளும் துறைக்கு வந்தாள். படகில் நல்ல நெரிசல். போதும் எட்டிப் பார்த்தார். இன்னும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம்.

"வாங்க, வாங்க" என்று பையனின் அப்பாவைக் கைபிடித்து ஏற்றினார். அடுத்து பையன் பலகையில் கால் வைத்தான். அவன் முதுகை ஒட்டி இன்னும் பத்துப் பேர். இவனை விட்டால் அவர்களை எந்த வாயால் நிறுத்துவது? "போதும்" என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மாப்பிள்ளையாகப் போகிறவன் முகத்துக்கு நேரே கயிறு கட்ட எந்த மடையனுக்குக் கை வரும்? இவருக்கும் வரவில்லை.

"என்ன முழிக்கறீங்க? தண்ணி இன்னும் கோட்டைத் தொடவே இல்லையே! பையன் ஏறட்டும்" என்று படகிலிருந்து வெளியே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார் பையனின் அப்பா.

"ஐயோ, அந்தக் கோட்டை நம்பாதீங்க! அது எங்கப்பா அடிச்சது!" என்று கரையிலிருந்து மகள் கத்தினாள். "அப்பா, போதும்பா! கயித்தைக் கட்டு!"

படகே கொல்லென்று சிரித்தது. பையன் அவளை ஒரு தரம் பார்த்தான். வைத்த காலை எடுத்துக்கொண்டு, பின்னால் நின்றவர்கள் பக்கம் திரும்பிக் கைகளை விரித்தான். "நகருங்க, நகருங்க. அடுத்த படகுல போகலாம்."

போதும் கயிற்றைக் கட்டினார். முடிச்சு மூன்றாவது முறைதான் விழுந்தது.

வழக்கம்போல அவரும் ஏறிக்கொள்ள, படகு கிளம்பியது. பையனின் அப்பா முகம் கடுகடுவென்று இருந்தது. போச்சு, இந்த இடமும் போச்சு. அப்பன் பாதி கெடுத்தான், மீதியை மகள் கெடுத்தாள் என்று போதும் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் அவள் முகத்தில் எப்படி முழிப்பது? நினைத்தாலே அழுகை முட்டியது.

அப்போது கரையிலிருந்து பையன் கத்தினான். காலையிலிருந்து வாய்க்கு வாய் "சார்" என்று கூப்பிட்டவன்.

"மாமா! அப்பாவைப் பத்திரமா இறக்கி விட்டுடுங்க! நான் மெதுவா வர்றேன்!"

பக்கத்தில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பையனின் அப்பா அந்த இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "மெதுவா வருவானாமே" என்று முனகினார். பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காருங்க, சம்பந்தி."

"பரவாயில்லீங்க, நான் நின்னுக்கறேன்" என்றார் போதும். அதைச் சொல்லும்போது அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.