மாற்றி வைத்த டம்ளர்

தாலுகா ஆபீசுக்கு எதிரே காப்பிக்கொட்டை வறுக்கிறார்கள். அந்த வாசனை வந்தால் எனக்கு இன்றும் பாவா மேல் பொறாமை வருகிறது.

அப்போது யுத்த காலம்; காப்பிக்கொட்டை கிடைப்பதே அரிது. குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆனாலும் அம்மா கொட்டையை வறுத்து இடித்து, அக்கா புருஷனான பாவாவுக்கு மட்டும்தான் நல்ல காப்பி போடுவாள். எங்களுக்கெல்லாம் வறுத்த புளியங்கொட்டைத் தூள்.

ஒருநாள் பாவாவின் டம்ளரையும் என் டம்ளரையும் மாற்றி வைத்துவிட்டேன்.

பாவா குடிக்கும்வரை அம்மா பக்கத்திலேயே நின்றாள். "எப்படி இருக்குதுங்க மாப்பிள்ளை?"

"இன்னைக்குத்தான் அத்தை, காப்பி காப்பியாக் கீது!"

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இன்னொரு டம்ளர் போட்டுக்கினு வரட்டுங்களா?"

அதைக் கேட்டபடியே, கொல்லைக் கதவோரம் நின்று நல்ல காப்பியைக் குடித்து முடித்தேன். எப்படி இருக்கிறதென்று என்னைக் கேட்க யாரும் வரவில்லை.