இன்னாசி வாங்கின வயர்

சிசிலி அக்கா அழவில்லை என்பதுதான் கம்பம்மெட்டில் அந்த மாதம் முழுக்கப் பேச்சு. புருஷனை அடக்கம் செய்த அன்றும் அவள் அழவில்லை. அடுத்த வாரமே ஏலக்காய் ஸ்டோருக்கு வேலைக்கு வந்து, எப்போதும்போல என் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கினாள். பருத்த காய் ஒரு கூடை, வெடித்த காய் ஒரு கூடை. கை ஒரு தடவைகூடத் தப்பவில்லை. "கல்லு நெஞ்சுக்காரி" என்று எங்களுக்குப் பின்னால் ஒருத்தி முனகினாள். பக்கத்து வீட்டுக்காரி அழுகையை அளந்து பார்க்க எப்படித்தான் நேரம் கிடைக்கிறதோ. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு காயைக் கூடையோடு அவள் தலையில் கவிழ்த்திருப்பேன். முதலாளி வாசலில் நின்றார், விட்டுவிட்டேன்.

செத்துப்போன அவள் புருஷன் இன்னாசிராஜ் ஜீப் ஓட்டினார். விடியும் முன்பே கம்பத்துக்கு இறங்கி, ஏலத்தோட்டத்து வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பார். நானும் அந்தக் குழுவில் பாடுகிறவள்தான். அவர் வாசிப்பு அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. நாலு கம்பியில் உங்களுக்குத் தெரிந்தது மூன்றுதான் என்று கிண்டல் செய்வோம், அவரும் சிரிப்பார். ஆனால் தாளம் மட்டும் தப்பாது.

ஜீப்பில் ஆளுக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் அவர் மொபைலில் வீடியோ பார்ப்பார். பார்த்துப் பார்த்து ஒரு பைத்தியம் பிடித்தது. கிட்டாரிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் போகும் வயர் மட்டமானது, அதனால்தான் சத்தம் அமுங்கிக் கிடக்கிறது என்றார். பழைய வயருக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு முனையில் சிவப்பு டேப் சுற்றியிருக்கும், அவ்வளவுதான். ஒரு நாள் பார்சல் வந்தது. நூலில் பின்னியது போன்ற மேலுறை, தங்க நிறத்தில் முனை. வீட்டு மிக்சி கெட்டுப்போய், புதுசு வாங்க சிசிலி அக்கா வைத்திருந்த காசெல்லாம் அந்த வயராக வந்து இறங்கியிருந்தது.

அன்றைக்கு நடந்த சண்டை சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்கே கேட்டது.

"வித்தியாசம் கேக்குது சிசிலி. நல்லாக் கேளு." மறுபடியும் வாசித்தார்.

"எனக்கு ஒரு எழவும் கேக்கலை."

"சத்தியமா எனக்குக் கேக்குது."

"மிக்சிக் காசை முழுங்கிட்டு சத்தியம் வேறயா? வாயத் தொறந்தாலே பொய்யி."

அதன் பிறகு இருவருக்கும் பேச்சு நின்றது. அவள் சோறு போட்டாள், அவர் தின்றுவிட்டு எழுந்துபோனார். அந்த வாரம் முடிவதற்குள், காலையில் ஜீப்பைக் கிளப்பப் போனவர் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது.

காய் பொறுக்கிக்கொண்டே ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னாள். "அழுகை வரலை ஜெஸ்னா. உடம்பே மரத்துப்போய்க் கெடக்கு. சோத்துல உப்பு இருக்கா இல்லையான்னு தெரியலை. இந்தப் பனியில குளிருகூடத் தெரியலை. அவரு பொய் சொன்னாரா இல்லையா, அது ஒண்ணுதான் மண்டைக்குள்ள ஓடுது. பொய்யின்னா நான் திட்டினது நியாயம். பொய் இல்லேன்னா, கடைசியா அவர்ட்ட நான் பேசின பேச்சு அதுதானே?"

எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு அவளுடைய நிறைந்த கூடையையும் நானே தூக்கிக்கொண்டு போனேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின சாயங்காலம் கோயிலில் பாட்டுப் பயிற்சி இருந்தது. இன்னாசியின் கிட்டாரை எங்கள் குழுப் பையன் ஜோஜோ வாசிப்பதாக ஏற்பாடு. சிசிலி அக்கா இரண்டு வயரையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து பெர்சியிடம் நீட்டினாள். பெர்சி எங்கள் கீபோர்டுக்காரன். வீடுகளுக்கு வயரிங் செய்வது அவன் பிழைப்பு. இன்னாசியைக் கூடப்பிறந்த அண்ணனாகவே நினைத்தவன்.

"தம்பி, ரெண்டையும் மாட்டிக் காட்டு. வித்தியாசம் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

"இத்தனை கொஞ்ச நீளத்துல வயரு வயருதான் மதினி. அறுந்துபோனா கரகரன்னு கேக்கும். நல்லா இருந்தா ரெண்டும் ஒண்ணுதான். அண்ணன்ட்டயும் சொன்னேன், கேக்கலை."

"நீ சொல்றது இருக்கட்டும். என் காதுல கேக்கணும்."

பெர்சி கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு எங்களைப் பீடத்தைப் பார்த்து உட்காரச் சொன்னான். அவனும் ஜோஜோவும் ஸ்பீக்கர் பெட்டியும் எங்களுக்குப் பின்னால்.

"மொதல்ல பழசு" என்றான். காணிக்கைப் பாட்டுக்கு இன்னாசி வழக்கமாக வாசிக்கும் வரியை ஜோஜோ வாசித்தான். எப்போதும் கேட்கிற மாதிரிதான், மொத்தையாகக் கேட்டது. பிறகு வயரைப் பிடுங்கும் சத்தம், குத்தும் சத்தம்.

"இப்பப் புதுசு."

அதே வரிதான். எனக்குப் புல்லரித்துவிட்டது. சத்தம் விரிந்துகொண்டு வந்தது, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. "கேக்குது!" என்று கோயில் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். சிசிலி அக்கா முன்பெஞ்சை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஆமா ஜெஸ்னா. எனக்கும் கேக்குது."

திரும்பிப் பார்த்தோம். புது வயர் பையைவிட்டு வெளியே வரவே இல்லை. கிட்டாரில் சிவப்பு டேப்தான் தெரிந்தது.

"நான் மாத்தலை மதினி" என்றான் பெர்சி. "அதையே பிடுங்கி அதையே குத்தினேன். கோவிச்சுக்காதீங்க. அண்ணன் ஏமாந்துதான் போனாரு. நீங்க திட்டினது தப்பில்லை, அதைக் காட்டத்தான்."

பாவம், நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். எனக்கோ என் காதைப் பிடித்து நானே திருகலாம் போல இருந்தது. சிசிலி அக்கா அந்தச் சிவப்பு டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா எனக்குக் கேட்டுச்சே பெர்சி."

"அது அப்படித்தான் மதினி. புதுசுன்னு மனசுல விழுந்துட்டா காதுக்குக் கேட்டுரும்."

"கேட்டுச்சுன்னு நான் சொன்னது பொய்யா?"

"சேச்சே, இல்ல மதினி."

"அப்ப அவரு சொன்னதும் பொய் இல்லை."

பெர்சி குனிந்து கிட்டார் வயரைப் பிடுங்கினான். அவள் அப்போதும் அழவில்லை. முகம் அப்படியேதான் இருந்தது. "குளிருது ஜெஸ்னா" என்றாள். என் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன். இரண்டு கையாலும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

ஜோஜோ மெதுவாகக் கிட்ட வந்து கேட்டான். "அக்கா, நாளைக்குப் பூசைக்கு எதை மாட்டட்டும்?"

"புதுசை மாட்டு."

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா?"

"ஒண்ணுதான்" என்றாள். "அவரு வாங்கினதை மாட்டு."