ராணியைப் பேசவிடாத தொடர்கதை

வாராவாரம் அந்தத் தொடர்கதையைப் படித்துவிட்டுப் பத்திரிகையைத் தூக்கி எறிவேன்; பிறகு நானே எடுத்துத் தூசி தட்டி வைப்பேன். ஐம்பதுகளின் கடைசி. ஜேடர்பாளையம் வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு நெல்வயலும் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்காலும் இருந்தன. கணவர் காய்ச்சலில் போய் இரண்டு வருடம். மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே வெள்ளாமை பார்த்தேன்.

கதையின் நாயகி நிஜமாகவே வாழ்ந்த ராணி. கணவன் செத்த பிறகு நாட்டை ஆண்டவள், சாலை போட்டவள், ஏரி வெட்டியவள். பங்காளிகளை எப்படிச் சமாளித்தாள், வரி கட்டாதவனிடம் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் படித்தேன். எழுதியவருக்கோ அவள் கூந்தலை விட்டு வெளியே வர மனமில்லை. கூந்தல் முடிந்தால் நிலா. நிலா முடிந்தால் பக்கத்து நாட்டு இளவரசன். ஏரி மட்டும் அரை வரியில் வெட்டி முடிந்துவிட்டது. ஏரி வெட்டுவது லேசுப்பட்ட வேலையா? ஒரு வரப்புப் போடவே நான் தொண்டை வற்றக் கத்த வேண்டியிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து என் கொழுந்தனார் ஊர்ப் பெரியவர்களிடம் போனார். பொம்பளை நிர்வாகம் சரிப்படாது, நிலம் தன் பொறுப்பில் இருக்கட்டும், எங்களுக்குச் சோறு போட்டுவிடலாம் என்பது அவர் பேச்சு. அடுத்த வாரம் உட்கார்ந்து பேசுவதாக முடிவானது. நிலம் அவரிடம் போனால் என் மகளுக்கு மிஞ்சுவது அந்தச் சோறு மட்டும்தான்.

அந்த வாரக் கதையிலும் அதேதான். மைத்துனன் சபையைக் கூட்டுகிறான், ராணி நிமிர்ந்து நிற்கிறாள், வாயைத் திறக்கிறாள். தொடரும் என்று போட்டுவிட்டார்கள். எங்கள் கூட்டத்துக்கு முந்தின நாள் அடுத்த இதழ் வந்தது. அடுப்பில் பால் பொங்குவதைக்கூடப் பார்க்காமல் புரட்டினேன். ராணி மயங்கி விழுந்திருந்தாள். இளவரசன் நுழைந்து அவளுக்காக நாலு பக்கம் பேசினான். எழுதிய மனுஷன் எதிரில் இருந்திருந்தால் கரண்டியாலேயே போட்டிருப்பேன். எனக்கு எந்த இளவரசன் வருவான்?

மறுநாள் வேறு வழியில்லாமல் நானே பேசினேன்.

"ரெண்டு வருசமா நாந்தானுங்க பாக்கறேன். எந்த வயலாச்சும் தண்ணியில்லாம காஞ்சு கெடந்துதுங்களா? கெடந்திருந்தா சொல்லுங்க, இப்பவே அவருகிட்ட குடுத்தர்றேன்."

கொழுந்தனார் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். நிலம் என்னிடமே இருக்கட்டும் என்றார்கள் பெரியவர்கள்.

கூட்டம் கலைந்ததும் அவர்களில் மூத்தவர் என்னிடம் வந்தார். நான் படித்த பத்திரிகையை வாரந்தோறும் என்னிடம் வாங்கிப்போய்ப் படிக்கிறவர் அவர். முந்தின நாள் வந்த இதழையும் சாயங்காலமே வாங்கிப் போயிருந்தார்.

"அந்த ராணியாட்டமே பேசிப்போட்டயே அம்மிணி," என்றார் பெருமையாக.

"அவ எங்கீங்க மாமா பேசுனா? மயக்கம் போட்டுத்தானுங்க கெடந்தா," என்றேன்.

"அட, ஆமா. நான் கவனிக்கவே இல்ல," என்றார்.