பின்சீட்டில் ஆக்சிலேட்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தவை, வரிசையாக:

1. காலை ஆறரை மணி டவுன் பஸ் எங்கள் ஊருக்கு வரவில்லை.
2. அப்பா பால் கேன் கட்டிப் போகும் பழைய மொபெட்டை எடுத்துக்கொண்டு நானும் தங்கையும் ஏழு மணிக்குப் பெரம்பலூர் கிளம்பினோம். அங்கே அவளுக்கு அரசு வேலைக்கான குரூப் ஃபோர் தேர்வு. ஒன்பது மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள்.
3. வழியில் பேரளி என்ற ஊருக்குச் சற்று முன்னால், ஏழு ஐம்பதுக்கு, ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தது.
4. பெரம்பலூர் பஸ் ஒன்று, படியில் ஆட்கள் தொங்க, நிற்காமல் போனது.
5. எட்டேகாலுக்கு வண்டி மறுபடி ஓடியது.
6. எட்டரைக்கு மறுபடி நின்றது. இந்த முறை வண்டியில் எந்தப் பழுதும் இல்லை.

ஆறாவதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஐந்தாவதைச் சொல்லாமல் அது புரியாது.

நான் ஒரு சிமென்ட் ஆலையில், அளவுமானிகளையும் வால்வுகளையும் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை செய்கிறேன். ஏதாவது பழுதானால், எது கெட்டது என்று தேடுவதற்கு முன் எதெல்லாம் வேலை செய்கிறது என்று பார்ப்பது எங்கள் பழக்கம். சாலையோரம் நிறுத்திவிட்டு அதைத்தான் செய்தேன். என்ஜின் ஓடியது. இரண்டு பிரேக்கும் பிடித்தன. பெட்ரோல் இருந்தது. வலது கைப்பிடியைத் திருகினால் மட்டும் வண்டி அசையவில்லை. கியர் இல்லாத வண்டி. ஆக்சிலேட்டர் கொடுத்தால் போகும், விட்டால் நின்றுவிடும், அவ்வளவுதான். கேபிள் கைப்பிடி முனையில் அறுந்திருந்தால் சுலபமாகச் சமாளித்திருக்கலாம். இது ஹேண்டிலுக்குக் கீழே, பல வருடம் வளைந்து வளைந்து தேய்ந்த இடத்தில், உறையோடு நைந்து போயிருந்தது. கார்புரேட்டரிலிருந்து வரும் மீதிக் கம்பி சீட்டு வரைக்கும்தான் எட்டியது.

எதிர்ப்பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் ஒன்று நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்தார். அவர் போவது அரியலூர்ப் பக்கம் என்பதால் எங்களை ஏற்றிக்கொள்ள வழியில்லை என்று வருத்தப்பட்டார். கட்டிங் பிளேயர் இருக்கிறதா என்று கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தார்.

உறையை ஒரு சாண் அளவுக்கு வெட்டி எடுத்தேன். உள்கம்பி வெளியே வந்தது. அதன் நுனியை, வண்டியின் டூல் பெட்டியில் கிடந்த சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்றில் இறுகச் சுற்றி, அதிலேயே இருந்த டேப்பை மேலே ஒட்டினேன். உறை அசையாமல் இருந்தால்தான் உள்ளே இருக்கும் கம்பி இழுபடும். அதனால் உறையின் முனையைப் பால் கேன் கயிற்றால் சீட்டுக்குக் கீழே உள்ள இரும்பில் கட்டினேன். ஸ்க்ரூடிரைவரை இழுத்தபோது என்ஜின் சத்தம் ஏறியது, விட்டபோது அடங்கியது. அது முக்கியம். கை நழுவினால் வண்டி நிற்கும், பாயாது.

இழுப்பது யார் என்பதுதான் மிச்சம். ஒரு கையில் ஹேண்டில், இன்னொரு கையில் கம்பி என்று டிப்பர்கள் ஓடும் சாலையில் ஓட்ட எனக்குத் துணிவில்லை. பின்னால் உட்காருகிறவள்தான் இழுக்க வேண்டும் என்றேன்.

ஓட்டுநர் சிரித்தார். "ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவரா? லைசென்ஸ் யாரு பேர்லம்மா?"

"எம் பேர்லதாங்கண்ணே. அக்கா சும்மா ஹேண்டில் புடிக்குது" என்றாள் தங்கை.

இரண்டே வார்த்தைகள் வைத்துக்கொண்டோம். 'குடு' என்றால் இழுக்க வேண்டும், 'விடு' என்றால் தளர்த்த வேண்டும். மண் ஓரத்தில் மூன்று முறை பழகிப் பார்த்தோம். முதல் முறை இருவரும் முன்னால் சாய்ந்து, என் முதுகில் அவள் மூக்கு இடித்தது. "நா பரீட்சைக்குப் போறனா, கெணத்துல தண்ணி எறைக்கப் போறனா?" என்று முனகினாள். மூன்றாவது முறை சரியாக வந்தது.

மெதுவாக, ஓரமாகவே போனோம். குடு, விடு, கொஞ்சமா குடு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நாலைந்து கிலோமீட்டருக்குள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, வேகத்தடைக்கு முன் தானாகவே தளர்த்தப் பழகிவிட்டாள். அதற்குப் பிறகும் நான் 'விடு' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு இருந்த ஒரு நேர்ச்சாலையில் வண்டி தளர்ந்தது. குடு என்றேன். வேகம் இன்னும் குறைந்தது. ஓரம் கட்டி நின்றேன். என்ஜின் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. கட்டு அவிழ்ந்துவிட்டதா என்று குனிந்தேன்.

"கம்பிக்கு ஒண்ணுமில்லக்கா. நாந்தான் விட்டுட்டேன்."

அவள் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். இந்தத் தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பியவள் நான். பணம் கட்டியவளும், நான் அப்போது பெரம்பலூரில் விடுதியில் தங்கியிருந்ததால் அதையே தேர்வு மையமாகப் போட்டவளும் நானே.

"ரெண்டு வருசமா எல்லார்ட்டயும் என் வேலைய தற்காலிகம் தற்காலிகம்னே சொல்ற" என்றாள். "எனக்கு அதான் வேல."

தற்காலிகம் என்ற சொல்லை வேலையிடத்தில் நான் கவனமாகத்தான் பயன்படுத்துவேன். ஒரு வால்வில் 'தற்காலிகம்' என்று எழுதிய சீட்டைக் கட்டினால், என்றுவரை என்பதையும் அதில் எழுத வேண்டும். அந்தச் சீட்டைப் பார்க்கிற எவருக்கும் அங்கே ஏதோ பழுது இருக்கிறது என்று தெரியும். தங்கையின் வேலையைப் பற்றிச் சொன்னபோதெல்லாம் நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

சம்பளம், ஓய்வூதியம், விடுமுறை என்று என்னிடம் பதில்கள் வரிசையாக இருந்தன. மணி எட்டு முப்பத்திரண்டு. அவள் கையிலிருந்து கம்பியை வாங்கி நானே இழுத்து ஓட்டிவிடலாம் என்ற எண்ணமும் வந்தது, மறைப்பதற்கில்லை. கேட்கவேண்டியதை முதன்முறையாகக் கேட்டேன்.

"எழுதுறியா, திரும்பிடுவமா?"

இரண்டு லாரிகள் கடந்து போயின. அவள் தன் துப்பட்டாவை இழுத்து முகத்தின் புழுதியைத் துடைத்தாள்.

"எழுதுறேன். படிச்சிருக்கேன்ல. ஆனா கெடச்சா, போறதா வேணாமான்னு நாந்தான் சொல்லுவேன். அம்மாட்ட நீ முந்திக்கிட்டுப் போயி பேசக் கூடாது."

"சரி."

"சும்மா சரின்னு சொல்லாத."

"சும்மா சொல்லலடி."

வண்டி நகர்ந்தது. நான் குடு என்று சொல்லியிருக்கவில்லை.

எட்டு ஐம்பத்தைந்துக்குத் தேர்வு மையத்துக்கு வந்தோம். அவள் உள்ளங்கை முழுக்கக் கறுப்பாக கிரீஸ். விடைத்தாளில் பட்டால் வம்பு என்று வாசலில் இருந்தவர் குழாயைக் காட்டினார். மண்ணைத் தேய்த்துக் கழுவி, கையை என் துப்பட்டாவில் துடைத்துவிட்டு ஓடினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நுழைந்தார்கள். பிறகு கதவைப் பூட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருந்த ஒரு கடையைத் தேடிப் பிடித்து, புது கேபிள் போட்டுக்கொண்டு வந்து மர நிழலில் காத்திருந்தேன். வெளியே வந்தவளிடம் எப்படி எழுதினாய் என்று கேட்க வாயெடுத்தேன். சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்டேன்.

தேர்வு முடிவு வந்துவிட்டது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அவளை அழைத்திருக்கிறார்கள். அது அடுத்த வாரம். பள்ளியில் அவள் இன்னும் விடுப்புக் கேட்கவில்லை. அவள் என்ன முடிவு செய்திருக்கிறாள் என்று அம்மா என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். உண்மையிலேயே தெரியாது.